வரியிறுதிக் கோடும் அசையும்: ஆங்கிலச் சொற்பிரிப்பு குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

ஆங்கிலச் சொல் ஒன்றில் எத்தனை அசைகள் உள்ளன என்று அறிய விரும்பும் தமிழ் மாணவர் முதலில் அகராதியைத் திறக்கிறார். தலைச்சொல்லின் இடையிடையே இடப்பட்டுள்ள புள்ளிகளை எண்ணி, அவற்றோடு ஒன்றைக் கூட்டி, வந்த தொகையை அசைத்தொகை எனக் குறித்துக்கொள்கிறார். பின்னர் அத்தொகையைத் தமிழ்ச் சொல்லின் நேரசை, நிரையசைகளோடு ஒப்பிடுகிறார். இம்முறையில் இரண்டு பிழைகள் உள்ளன. அகராதிப் புள்ளி அசையைக் குறிப்பதன்று என்பது முதற்பிழை. ஆங்கில இலக்கணத்தார் ‘சிலபிள்’ என்று வழங்குவதும் தமிழ் யாப்பிலக்கணத்தார் அசை என்று வழங்குவதும் ஒன்றல்ல என்பது இரண்டாவது.

ஆங்கிலச் சொற்பிரிப்பு ஒலியியல் உண்மை ஒன்றின் பதிவன்று. வரியின் இறுதியில் இடம் போதாதபோது அச்சுக்கோப்பவர் எங்கே சொல்லை முறிக்கலாம் என்பதற்கு வழங்கப்பட்ட இசைவு. ஒலியும் பொருளும் கண்ணின் வசதியும் அவ்விசைவுக்கு உதவியுள்ளன. எனினும் அவற்றுள் எதுவும் அதனை முழுமையாக ஆண்டதில்லை. இதனைத் தெளிவுபடுத்துவதும், இத்தெளிவு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் தமிழ் அச்சுக்கும் ஏன் வேண்டும் என வாதிடுவதும் இக்கருத்துரையின் நோக்கங்களாகும்.

அகராதிப் புள்ளி எதைக் குறிக்கிறது?

‘ஏரியா’ என்னும் ஆங்கிலச் சொல் நான்கே எழுத்துகளால் ஆனது. ஒலிப்பில் மூன்று அசைகளை உடையது. மெரியம் வெப்ஸ்டரின் கல்லூரி அகராதி இச்சொல்லின் இடையே ஒரே ஒரு புள்ளியைத்தான் இடுகிறது. ‘அபவுட்’ என்னும் சொல்லுக்கு இரண்டு அசைகள். அகராதியில் புள்ளியே இல்லை. ‘ரிதம்’ என்னும் சொல்லும் இரண்டு அசைகளாக ஒலிக்கிறது. ஆனால் இரண்டாம் அசைக்கு உயிரெழுத்து எழுதப்படாமையால் அதனைப் பிரிக்க இடமில்லை.

காரணம் எளியது. சொல்லின் முதலிலோ கடையிலோ ஓர் எழுத்தை மட்டும் தனித்து நிறுத்தி வரியை முறிப்பது நல்ல அச்சு ஆகாது. எனவே ஒலிப்பில் எல்லை இருப்பினும் அங்கே புள்ளி இடப்படுவதில்லை. புள்ளிகள் வரியிறுதிப் பிரிப்பிற்கே உரியவை என அவ்வகராதியின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. ஒலிப்பின் அசைகளை அது வேறிடத்தில், ஒலிப்புக் குறியீடுகளுக்கு இடையே சிறுகோடுகளாகக் காட்டுகிறது. ‘ஏரியா’வுக்கு அங்கே இரண்டு கோடுகள் உண்டு. இவ்வாறு ஒரே பதிவில் இரு வேறு பிரிப்புகள் அருகருகே நிற்கின்றன. தலைச்சொல்லை மட்டும் நோக்குவோர் அச்சின் பிரிப்பை ஒலியின் பிரிப்பாகக் கொண்டுவிடுகின்றனர்.

ஒலிவழியும் பொருள்வழியும்

அச்சுக்கோப்பவர்க்கு இசைவு வழங்கியோரும் தம்முள் ஒத்த கருத்தினர் அல்லர். 1740ஆம் ஆண்டில் வெளிவந்த தாமஸ் டில்வொர்த்தின் எழுத்துக்கூட்டு நூல், உயிர்களுக்கு இடைப்பட்ட ஒற்றை மெய்யைப் பின்வரும் உயிரோடு சேர்க்கும் பழைய முறையைப் பின்பற்றியது. அதன்படி ‘ஹேபிட்’ என்பது ‘ஹே-பிட்’ என்றும், ‘பிஷப்’ என்பது ‘பி-ஷப்’ என்றும், ‘கிளஸ்டர்’ என்பது ‘கிள-ஸ்டர்’ என்றும் பிரிந்தன. 1783இல் தம் எழுத்துக்கூட்டு நூலை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் இதனைக் கடுமையாக மறுத்தார். ஆங்கிலத்தில் மெய்யால் அடைபடாத உயிரெழுத்தைக் கண்ட குழந்தை அதனை நீட்டியே படிக்கும். ஆதலின் ‘ஹேப்-இட்’, ‘பிஷ்-அப்’, ‘கிளஸ்-டர்’ எனப் பிரித்தலே ஒலிப்பைக் கற்பிக்கும் என்பது அவர் வாதம். 1828இல் வெளிவந்த அவருடைய பேரகராதிக்குப் பின் அமெரிக்க அச்சில் ஒலிவழிப் பிரிப்பு நிலைபெற்றது.

வெப்ஸ்டரின் நோக்கம் வகுப்பறை சார்ந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வரியை எங்கு முறிப்பது என்பது அவருடைய முதன்மைக் கேள்வியன்று. எழுத்தைப் பார்த்து ஒலியை எவ்வாறு கற்பிப்பது என்பதே அவருடைய கேள்வி. குழந்தைக்குரிய அந்த விடையைப் பின்னர் அச்சகம் தன் விதியாக ஏற்றுக்கொண்டது.

பிரித்தானிய மரபு சொல்லின் ஆக்கத்திற்கு முதன்மை தந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தின் பொறுப்பாளராக இருந்த ஹொரேஸ் ஹார்ட் 1893இல் தம் அச்சுக்கோப்பாளர்களுக்கென விதிகளைத் தொகுத்தார். 1904இல் அவை பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தன. அவ்வச்சகம் வளர்த்த மரபில், சொல் எந்த உறுப்புகளால் ஆனதோ அவ்வுறுப்புகளின் எல்லையிலேயே முறிவு அமைய வேண்டும். ‘அறிவு’ எனப் பொருள்படும் ‘நாலெட்ஜ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதன் முற்பகுதி ‘அறி’ எனப் பொருள்படும் ‘நோ’ என்னும் வினை. பிரித்தானியர் அவ்வினையின் நான்கு எழுத்துகளை முழுமையாக விட்டு, ‘எல்’ என்னும் எழுத்தை அடுத்த வரிக்குக் கொண்டு செல்வர். அமெரிக்கரோ ‘எல்’ வரை முதல் வரியில் நிறுத்துவர். முன்னதில் வினை கண்ணுக்குத் தெரிகிறது, ஒலி தவறுகிறது. பின்னதில் ஒலி சரியாக அமைகிறது, வினை மறைகிறது.

‘ஃபோட்டோகிராஃபி’ என்பதும் இத்தகையதே. ஆக்கவழியில் இது ‘ஃபோட்டோ-கிராஃபி’. ஆனால் ஆங்கிலர் வாயில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போவதால் ‘ஃப-டாக்-ர-ஃபி’ என்று ஒலிக்கிறது. அமெரிக்க அகராதிகள் இவ்வாறே பிரிக்கின்றன. ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும் பெயரில் தெளிவாக நின்ற ‘கிராஃப்’ என்னும் உறுப்பு, அதன் உறவுச் சொல்லிலேயே இரண்டாக வெட்டப்படுகிறது.

ஆக்கவழிப் பிரிப்பும் இடர் அற்றதன்று. ‘ஹெலிகாப்டர்’ என்பது சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சிறகைக் குறிக்கும் ‘ப்டெரான்’ என்னும் சொல்லும் இணைந்தது. சொற்பிறப்பின்படி ‘ஹெலிகா-ப்டர்’ என்றே அதனைப் பிரிக்க வேண்டும். ஆங்கிலம் பேசுவோர் அதனை ‘ஹெலி-காப்டர்’ என்றே உணர்ந்தனர். அவ்வுணர்விலிருந்தே ‘ஹெலிபேட்’ என்னும் சொல்லும், ‘காப்டர்’ என்னும் குறுக்கமும் பிறந்தன. பேசுவோர் மனத்தில் உள்ள எல்லையும் வரலாற்று எல்லையும் வேறாகும்போது ஆக்கவழி விதி எதனைப் பின்பற்றும் என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இல்லை.

மேலும், சொல்லின் இலக்கண வகைகூடப் பிரிப்பை மாற்றும். ‘ரெக்கார்ட்’ என்பது பெயராயின் ‘ஸி’ என்னும் எழுத்து முதற்பகுதியோடு நிற்கும். வினையாயின் பிற்பகுதியோடு சேரும். ‘பிரசென்ட்’ என்பதும் பெயராயின் ஒருவாறும் வினையாயின் வேறுவாறும் பிரியும். எழுத்துகள் ஒன்றே; தொடரை அறியாமல் பிரிக்க இயலாது.

ஒலியியலாரின் தயக்கம்

அச்சு மரபுகள் முரண்பட்டாலும் ஒலியியல் இதனைத் தீர்த்துவைக்கும் என எதிர்பார்க்கலாம். அவ்வெதிர்பார்ப்பும் முழுமையாக நிறைவேறவில்லை. 1968இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் எழுதிய ஆங்கில ஒலியனியல் நூல் அசையை ஓர் அமைப்பலகாகவே கொள்ளவில்லை. 1976இல் டேனியல் கான் தம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் அசையை மீண்டும் நடுவிடத்தில் நிறுத்தியபோது, ஒரு மெய் இரண்டு அசைகளுக்கும் ஒருசேர உரியதாகலாம் என்று கொள்ள நேர்ந்தது.

‘லெமன்’ என்னும் சொல்லில் மகர மெய் எந்த அசையைச் சார்ந்தது? மெய்கள் இயன்ற அளவு பின்வரும் உயிரோடு சேரும் என்னும் பொதுநெறியின்படி ‘லெ-மன்’ எனப் பிரியும். ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற குற்றுயிர் சொல்லிறுதியில் வெறுமனே நிற்பதில்லை. மெய்யால் அடைபட்டே நிற்கும். அந்நெறியின்படி ‘லெம்-அன்’ எனப் பிரிக்க வேண்டும். இரண்டு நெறிகளும் மொழியின் உண்மைகளே. ஜான் வெல்ஸ் போன்றோர் அழுத்தம் பெற்ற அசை அருகிலுள்ள மெய்களை ஈர்த்துக்கொள்ளும் எனக் கொண்டு பிரித்தனர். வேறு சிலர் பின்னுயிருக்கே தந்தனர். அசைகளின் எண்ணிக்கையில் பேசுவோர்க்கு ஐயம் குறைவு. அசைகளின் எல்லையிலோ வல்லுநர்க்கும் ஐயம் உண்டு. வரியை முறிப்பவர்க்கு வேண்டுவது எண்ணிக்கை அன்று, எல்லை. ஒலியியல் எங்கே உறுதியாகப் பேசவில்லையோ அங்கேயே அச்சுக்கோப்பவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கணினி கற்றது யாரிடம்?

இம்முடிவைக் கணினியிடம் ஒப்படைத்தபோது சிக்கல் மேலும் தெளிவாயிற்று. டொனால்ட் நூத் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் ஒரு முறையை வகுத்து, 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார். அம்முறை ஒலியையோ பொருளையோ அறியாது. வெப்ஸ்டர் மரபிலான ஒரு கையகராதியிலிருந்து 4447 எழுத்துத் தொடர் வடிவங்களை அது கறந்தெடுத்தது. ஒவ்வொரு வடிவத்திலும் எழுத்துகளுக்கு இடையே எண்கள் உள்ளன. ஒற்றைப்படை எண் முறிக்க இசைவு தரும், இரட்டைப்படை எண் தடுக்கும், ஓரிடத்தில் பல எண்கள் மோதினால் பெரிய எண் வெல்லும். அவ்வகராதியில் இருந்த பிரிப்பிடங்களுள் ஏறத்தாழ 89 விழுக்காட்டை இவ்வடிவங்கள் கண்டுபிடித்தன. எஞ்சியவற்றைக் காணத் தவறின. ஆனால் தவறான இடத்தில் முறிப்பது மிக அரிது.

இங்குக் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, எல்லா இடங்களையும் காண்பதைவிடத் தவறான இடத்தைக் காணாமையே முதன்மையாகக் கொள்ளப்பட்டது. அசைகளை ஆராயும் அறிஞர் 11 விழுக்காட்டை விட்டுவிட முடியாது. அச்சுக்கோப்பவர் விட்டுவிடலாம், ஏனெனில் அடுத்த சொல்லிலோ இடைவெளியிலோ அவர் ஈடுசெய்துகொள்வார். இரண்டாவது, வடிவங்களுக்கு அடங்காத 14 சொற்கள் தனிப்பட்டியலாக இணைக்கப்பட்டன. அவற்றுள் ‘பிரசென்ட்’, ‘புராஜெக்ட்’ என்பனவும் அவற்றின் பன்மை வடிவங்களும் எங்குமே முறிக்கப்படாமல் விடப்பட்டன. பெயரா வினையா என்று அறியாத பொறிக்கு, முறிக்காமல் இருப்பதே நேர்மையான விடை. மூன்றாவது, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகளும் இறுதியில் மூன்று எழுத்துகளுமேனும் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. இது ஒலிக்கும் பொருளுக்கும் தொடர்பற்றது, முற்றிலும் கண்ணுக்குரியது.

ஆய்வேட்டின் தலைப்பிலேயே ‘ஹைஃபனேஷன்’ என்னும் சொல் நான்காகப் பிரித்து அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அதே ஆய்வேட்டின் வடிவங்கள் அச்சொல்லில் இரண்டு முறிவிடங்களையே தருகின்றன. தலைப்பு அசைகளைக் காட்டியது. முறை அச்சின் இசைவைக் காட்டியது. இவ்விரண்டும் வேறு என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

விதிப்படி சரியான முறிவும் வாசகரைத் தவறாக இட்டுச்செல்லக்கூடும். தொன்மக் கதை எனப் பொருள்படும் ‘லெஜன்ட்’ அகராதிப்படியே பிரிந்தாலும் வரியிறுதியில் ‘கால்’ என்றும் அடுத்த வரியில் ‘முடிவு’ என்றும் பொருள்படும் இரண்டு சொற்களாகத் தோன்றும். கொலைக் குற்றத்தைக் குறிக்கும் ‘மேன்ஸ்லாட்டர்’ ஓரெழுத்துத் தள்ளிப் பிரிந்தால் ‘மனிதனின் சிரிப்பு’ ஆகிவிடும். தமிழறிந்தார்க்கு இது புதிதன்று. பொதுமொழிக்கு இலக்கண உரைகள் காட்டும் ‘தாமரை’, ‘வேங்கை’ என்பன பிரிந்தும் பிரியாதும் வேறுவேறு பொருள் தருவன. புலவர் பிரிமொழிச் சிலேடையில் வேண்டிச் செய்வதை அச்சு வேண்டாமலே செய்துவிடுகிறது.

அசை என்னும் சொல்லின் சுமை

இனி, இரண்டாம் பிழைக்கு வருவோம். ‘சிலபிள்’ என்பதற்கு அசை என்னும் சொல்லைப் பாடநூல்களும் ஆய்வேடுகளும் வழங்கிவருகின்றன. இக்கருத்துரையும் இதுவரை அவ்வாறே வழங்கியது. ஆனால் யாப்பிலக்கணத்தின் அசை வேறு. ‘கடல்’ என்பது ஒலிப்பில் ‘க-டல்’ என இரண்டு சிலபிள்; யாப்பில் ஒரே நிரையசை. ‘அரசு’ என்பது ஒலிப்பில் மூன்று. யாப்பில் நிரையும் நேருமாக இரண்டு. ‘பாடல்’ என்னும் சொல்லில் மட்டும் இரண்டு கணக்குகளும் ஒத்துவருகின்றன. நிரையசை குறிலிணையையோ குறில்நெடிலையோ ஓரலகாகக் கொள்வதால் இவ்வேறுபாடு எழுகிறது. தொல்காப்பியர் கூறும் நேர்பு, நிரைபு என்பவற்றைச் சேர்த்து நோக்கின் இடைவெளி இன்னும் விரியும்.

எனவே, ஆங்கிலச் சொல்லின் அகராதிப் புள்ளிகளை எண்ணித் தமிழ்ச் சொல்லின் யாப்பசைகளோடு ஒப்பிடுபவர், அச்சின் இசைவைச் செய்யுளின் அலகோடு ஒப்பிடுகிறார். இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டிய ஒலிப்பலகு அவ்வொப்பீட்டில் எங்கும் இல்லை. மூன்று கருத்துகளுக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. ஒலிப்பலகை ‘ஒலியசை’ என்றும், செய்யுளலகை ‘அசை’ என்றும், அச்சில் சொல் பிரிவதை ‘வரிமுறிப்பு’ என்றும் வழங்கலாம். வேறு சொற்கள் பொருத்தமாகத் தோன்றின் அவற்றைக் கொள்வதிலும் தடையில்லை; மூன்றையும் ஒன்றாக்குவதே கூடாது.

அசை என்பதே ஒலிப்பலகுக்கும் பழகிவிட்டது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாமே எனச் சிலர் வினவலாம். இலக்கண வகுப்பில் அவ்வாறு கொள்ள முடியும். யாப்பையும் ஒலியனியலையும் ஒருங்கே ஆராயும் கட்டுரையில் அது முடியாது. தமிழ்த்துறைகளில் இன்று எழுதப்படும் ஒப்பீட்டு ஆய்வுகள் பலவும் அத்தகையனவே.

தமிழ் அச்சுக்கு இதனால் விளைவது

ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளி இல்லை. ஓலை முடிந்த இடத்தில் சொல் முறிந்தது, அடுத்த வரியில் தொடர்ந்தது. அச்சு வந்து சொற்களைப் பிரித்து எழுதத் தொடங்கிய பின்னரும், எந்த எழுத்தின் பின்னும் முறிக்கலாம் என்னும் வழக்கம் பெரும்பாலும் நீடித்தது. பல நூல்களிலும் நாளிதழ்ப் பத்திகளிலும் முறிவிடத்தில் கோடுகூட இடப்படுவதில்லை. படிப்பவர் தம் மொழியறிவால் இணைத்துக்கொள்வதால் இது குறையாகத் தோன்றவில்லை.

அந்நூல்கள் ஒளிவருடப்பட்டு எழுத்துணரி வழியாகத் தரவகங்களில் சேரும் இக்காலத்தில் அது குறையாகிறது. கோடில்லாத முறிவைப் பொறி சொல்லிடைவெளி என்றே கொள்ளும். ஒரு சொல் இரண்டு பொய்ச் சொற்களாகப் பதிவாகும். ஆங்கிலத்திலும் இடர் உண்டு: வரியிறுதியில் உள்ள கோடு ‘மீளப் போர்த்து’ என்னும் பொருளில் ‘ரி-கவர்’ என எழுதப்படும் நிலையான கோடா, ‘மீட்டெடு’ என்னும் பொருளுள்ள சொல் முறிந்தமையால் வந்த கோடா எனப் பொறிக்கு ஐயம் எழும். எனினும் அங்கே கோடு இருக்கிறது, ஐயமாவது எழுகிறது. தமிழில் ஐயத்திற்கே தடயம் இல்லை.

ஆங்கிலத்தின் இரண்டு வழிகளுள் எதனையும் அப்படியே கொள்வது தமிழுக்குப் பொருந்தாது. ஆக்கவழியைக் கொள்ள இயலாது. ‘நடந்தான்’ என்பதில் ‘ஆன்’ விகுதி ‘தா’ என்னும் எழுத்துக்குள் புதைந்துள்ளது, ‘மரமில்லை’ என்பதில் ‘இல்லை’ ‘மி’க்குள் கலந்துள்ளது. உயிர்மெய்யைப் பிளக்காமல் அவ்வெல்லைகளில் முறிக்க முடியாது. ஒலிவழியை மட்டும் கொள்வதாலும் பயன் குறைவு. தமிழ் எழுத்தமைப்பே ஒலியசைக்கு அணுக்கமானதாதலின் எங்கும் முறிக்கலாம் என்னும் பழைய நிலைக்கே அது இட்டுச்செல்லும்.

கொள்ளத்தக்கது இருநிலை முறை. ஆக்ஸ்ஃபோர்டின் எழுத்துக்கூட்டு அகராதி முறிவிடங்களை விரும்பத்தக்கவை, இடர்ப்பாட்டில் மட்டும் ஏற்கத்தக்கவை என இரண்டாக வகுத்தது. தமிழிலும் அவ்வாறே தொகைச்சொற்களின் எல்லையை விரும்பத்தக்கதாகவும் ஏனைய எழுத்தெல்லைகளை இடர்ப்பாட்டுக்கு உரியனவாகவும் கொள்ளலாம். ‘பல்கலைக்-கழகம்’ என்பது நன்று. ‘பல்க-லைக்கழகம்’ என்பது தவிர்க்கத்தக்கது. சந்தியாக வரும் வல்லின ஒற்று முன்வரியிலேயே நிற்க வேண்டும். புள்ளியெழுத்து வரியைத் தொடங்கலாகாது. ஓரெழுத்து மட்டும் எந்த வரியிலும் தனித்து நிற்கலாகாது. ‘வந்தார்கள்’ என்பதில் ‘கள்’ளை அடுத்த வரிக்குத் தள்ளுவது இலக்கணப்படி விகுதியெல்லையாயினும், தனித்து நிற்கும் ‘கள்’ வேறு பொருள் தந்துவிடும். இவை அனைத்தினும் முதன்மையானது, முறிந்த இடத்தில் தவறாமல் கோடிடுவது.

கோடு பக்கத்தின் அழகைக் கெடுக்கும் எனப் பதிப்பாளர் கூறலாம். சொல்லை முறிக்காமல் பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்க முயன்றால், நீண்ட சொற்கள் நிறைந்த தமிழ் வரியில் சொற்களுக்கிடையே பெரும் வெள்ளிடைகள் விழும், அதுவும் அழகன்று. ஓரத்தை நேராக்காமல் விடுவது மற்றொரு தீர்வு. ஆய்விதழ்கள் அதனையும் எண்ணிப்பார்க்கலாம். கோடின்றி முறிப்பது மட்டும் தீர்வாகாது.

முடிவுரை

ஆங்கிலச் சொற்பிரிப்பின் வரலாறு, பள்ளிச் சிறுவர்க்கான ஒலிப்பயிற்சியும் அச்சகத்தின் இடநெருக்கடியும் சொற்பிறப்பு ஆர்வமும் கலந்த வரலாறு. அதன் விளைவான அகராதிப் புள்ளியை ஒலியியல் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, தொடக்கத்திலேயே வழுவுடையதாகும். ஒலியசையை ஆராய்வோர் அகராதியின் ஒலிப்புக் குறியீட்டைக் காண வேண்டும். அதன் எல்லைகளும் கோட்பாட்டைச் சார்ந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யாப்பசையை அதனோடு ஒப்பிடுவோர் இரண்டின் வரையறையையும் முதலில் கூற வேண்டும். வரிமுறிப்புக்குத் தமிழில் எழுதப்பட்ட நெறி ஒன்றை வகுக்கும் பொறுப்பு, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பக்கங்களை அச்சிட்டும் மின்வடிவில் ஏற்றியும் வரும் தமிழ்த்துறைகளுக்கு உண்டு. அந்நெறியைத் தம் இதழ்களிலிருந்தே அவை தொடங்கலாம்.